மொழி முற்றம்: இம்மாதம் நீங்கள் எழுதுங்கள்



இந்தப் பக்கம் தொடங்கி இம்மாதத்துடன் இரண்டு ஆண்டுகள் நிறைவெய்துகின்றன, அல்ஹம்துலில்லாஹ். 24 இதழ்களாக, நம் இல்லங்களில் புழங்கும் சொற்களைப் பற்றி நான் எழுதி வந்தேன். நீங்கள் வாசித்து வந்தீர்கள். வாசித்து வந்தீர்கள் என்று நம்புகிறேன் என்பதே பொருத்தம். எழுதுகிறவனுக்குத் தன் எழுத்து எங்கே போய்ச் சேர்கிறது என்பது தெரிவதில்லை. மஃரிபுக்குப் பின் ஒருவர் உரக்க வாசிக்க, வீட்டார் சுற்றி அமர்ந்து கேட்கிறார்களா, அல்லது சமையற்குறிப்புக்கும் சிறுவர் பகுதிக்கும் இடையில் இப்பக்கம் விரலால் தள்ளப்பட்டு விடுகிறதா? நீங்கள் சொன்னாலன்றி அதனை நான் அறிய வழியில்லை.

ஆகவே இம்மாதம் நான் சொல்வதைக் குறைத்துக்கொண்டு, உங்களிடம் சிலவற்றைக் கேட்க விரும்புகிறேன். கேட்பதற்கு முன், ஏன் கேட்கிறேன் என்பதைக் கூறியாக வேண்டும். அதில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய தவறு ஒன்றும் இருக்கிறது.

மூன்று மடல்கள்

இப்பக்கத்திற்கு வந்த மடல்களை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். பெட்டி இன்னும் பாதிகூட நிறையவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை, "கட்டுரை நன்று, தொடர்க" என்று வாழ்த்துபவை. வாழ்த்தியோருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! ஆயினும், என் எழுத்தை மாற்றியவை வாழ்த்து மடல்கள் அல்ல. குறை கூறிய மூன்று மடல்களே அவை.

முதலாவது, ஒரு பெரியவர் எழுதியது. "நீங்கள் எழுதுவது நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரியாது. எழுத்து எறும்பு போல் இருக்கிறது. பேரன் வந்தால்தான் வாசிக்க முடியும், பேரனோ வருவதில்லை" என்று நான்கே வரிகள். ஆசிரியரிடம் அம்மடலைக் காட்டினேன். அடுத்த இதழிலிருந்து இப்பக்கத்தின் எழுத்து பெரிதாயிற்று. இரண்டாவது மடலும் மூன்றாவது மடலும் அவ்வளவு எளிதில் சரிசெய்யத் தக்கவையாக இல்லை.

இரண்டாவது, மதரஸாவில் நெடுங்காலம் ஓதிக்கொடுத்த ஓர் உஸ்தாத் எழுதிய அஞ்சலட்டை. முதலாண்டு இதழ் ஒன்றில், தொழுகைக்கு முன் உடல் உறுப்புகளைக் கழுவித் தூய்மை செய்வதை நம் கடற்கரை ஊர்களில் 'உளூ' என்பது கொச்சை என்றும், 'வுசூ' என்பதே திருத்தமானது என்றும் எழுதியிருந்தேன். அதற்கு அவர் எழுதிய மறுமொழியின் சாரம் இது: "தம்பி, அரபியில் அந்தச் சொல்லில் இருப்பது 'ளாத்' என்னும் எழுத்து. 'சூ' என்று சொல்வது பாரசீகமும் உருதும் வழியாக வந்தது. எது மூலத்திற்கு நெருக்கம் என்று ஆராயாமல், எழுத்தறியாத தாய்மார்கள் சொல்வதால் அது கொச்சை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். மீண்டும் படியுங்கள்."

நான் மீண்டும் படித்தேன். படித்த பின், அஞ்சலட்டையை அந்தத் தகரப் பெட்டியில் போட்டு மூடினேன். திருத்தம் வெளியிடவில்லை. வெட்கமே காரணம். ஓராண்டுக்கும் மேல் கடந்தபின் இன்று அதனை எழுதுகிறேன்: 'உளூ' கொச்சை அன்று. நான் எழுதியது தவறு.

ளாத் என்னும் எழுத்து

நான் மீண்டும் படித்தபோது கண்டதை உங்களுடன் பகிர்ந்துகொள்வது முறை.

அரபு இலக்கணத்தின் பேராசான் எனப் போற்றப்படும் ஸீபவைஹி, எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். பாரசீக நாட்டின் ஷீராஸுக்கு அருகில் பிறந்து, பஸ்ராவுக்குக் கல்வி தேடி வந்தவர். அரபு அவருக்குத் தாய்மொழி அன்று. ஹம்மாத் இப்னு ஸலமா என்னும் ஆசிரியரிடம் ஹதீஸ் பாடம் கேட்டபோது, 'அபா' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'அபூ' என்று சொல்லிவிட்டார் என்றும், ஆசிரியர் அவையிலேயே அதனைத் திருத்தினார் என்றும், இனி எவரும் என் மொழியில் பிழை காணாதபடி இலக்கணத்தைக் கற்பேன் என்று அவர் உறுதி பூண்டார் என்றும் வரலாறு கூறுவர். பின்னர் கலீல் இப்னு அஹ்மதிடம் பயின்று அவர் இயற்றிய 'அல்கிதாப்', இன்றளவும் அரபு இலக்கணத்தின் மூல நூலாக நிற்கிறது. ஒரு திருத்தம் அவரைச் சினமூட்டி வெளியேற்றியிருக்கலாம். அது அவரை இலக்கணத்தின்பால் செலுத்தியது.

அந்த நூலில் அவர் ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று விளக்குகிறார். ளாத் என்னும் எழுத்துக்கு அவர் காட்டும் இடம், நாவின் பக்கவாட்டு ஓரமும் அதனை அடுத்த கடைவாய்ப் பற்களும் சேருமிடம். இன்று அரபு நாடுகளில் பலரும் இவ்வெழுத்தை அழுத்தமான ஒரு டகரம்போல் ஒலிக்கின்றனர். ஸீபவைஹி வருணிக்கும் ஒலியோ, காற்று நாவின் பக்கவாட்டில் வழிந்து பிறப்பது. தமிழில் அவ்வாறு பிறப்பவை லகரமும் ளகரமும். தொல்காப்பியரும் இவ்விரண்டின் பிறப்பைக் கூறுமிடத்து நாவின் விளிம்பையே குறிப்பிடுகிறார்.

நம் முன்னோர் 'உளூ' என்றும் 'பர்ளு' என்றும் 'ரமளான்' என்றும் சொன்னது, நா திரும்பாமையால் அன்று என்பது இதனால் விளங்கும். அவர்கள் காதில் விழுந்த ஒலிக்குத் தம் மொழியில் மிக நெருங்கிய எழுத்தையே அவர்கள் தேர்ந்தனர். இதற்கு வேறு நாடுகளிலும் சான்றுகள் உண்டு. 'காளீ' என்னும் அரபுச் சொல்லிலிருந்து ஸ்பானிய மொழியில் நகரத் தலைவரைக் குறிக்கும் 'அல்கால்தே' பிறந்தது. அதனுள் லகரம் ஒலிக்கிறது. 'பர்ளு' என்பதே மலாய் மொழியில் 'தேவை' எனப் பொருள்படும் 'பெர்லு' ஆயிற்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் உள்ள வாசகர்கள் அச்சொல்லை அன்றாடம் கேட்டிருப்பர். அந்தலூசியாவிலும் மலாய்த் தீவுகளிலும் நம் கடற்கரையிலும் ஒரே எழுத்து லகர ளகரங்களின் சாயல் பெற்றிருப்பதைக் காணும்போது, பழைய உச்சரிப்பின் எதிரொலி இவற்றில் தங்கியிருக்கிறது எனக் கருத இடமுண்டு.

'வுசூ' என்போரும் 'ரம்ஜான்' என்போரும் தவறு செய்கிறார்கள் என்று இதற்குப் பொருளன்று. உருது பேசும் நம் உறவினர் வீடுகளில் அச்சொற்கள் பாரசீகத்தின் வழியே வந்து, தமக்குரிய வரலாற்றுடன் வாழ்கின்றன. ஒன்று கடல் வழி வந்தது. மற்றொன்று தரை வழி வந்தது. இரண்டில் ஒன்றைக் கொச்சை என்று தள்ள எனக்கு என்ன உரிமை இருந்தது?

இதில் எனக்கு மட்டுமே உரிய வருத்தம் ஒன்றும் உண்டு. கல்லூரியில் சேர்ந்த புதிதில், விடுமுறைக்கு வீடு வந்தபோது, என் தாயைப் பெற்ற உம்மும்மாவை நான் திருத்தினேன். கிணற்றடியில் நின்று, "உளூச் செஞ்சுட்டியா வாப்பா?" என்று கேட்டார்கள். "உளூ இல்லை உம்மும்மா, வுசூ. படிச்சவங்க அப்படித்தான் சொல்றாங்க" என்றேன். அவர்கள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஆகட்டும் வாப்பா. எங்க உம்மா சொன்னதத்தான் நான் சொல்றேன்" என்றார்கள். அதன்பின் என் முன்னிலையில் அச்சொல்லை அவர்கள் சொன்னதாக எனக்கு நினைவில்லை. "தொழுவத் தயாராயிட்டியா?" என்று மாற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். உஸ்தாதின் அஞ்சலட்டை என் கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் மௌத்தாகிவிட்டார்கள்.

விடுபட்ட சொல்

மூன்றாவது மடல் ஒரு தாய் எழுதியது. பெயர் வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். "உங்கள் பக்கத்தில் கவிஞர்கள் வருகிறார்கள், ஆலிம்கள் வருகிறார்கள், வணிகர்கள் வருகிறார்கள். அடுப்படி வருவதில்லை. தொட்டில் வருவதில்லை. பேறு காலம் வருவதில்லை. நாங்கள் பேசுவது மொழி இல்லையா?" என்று கேட்டிருந்தார்.

இதனை வாசித்தபோது, ஆங்கிலப் பேரகராதி ஒன்றின் வரலாறு நினைவுக்கு வந்தது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி என்று இன்று உலகம் அறிந்த அந்நூலின் ஆசிரியராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே, 1879ஆம் ஆண்டு பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோளை அச்சிட்டு அனுப்பினார். நீங்கள் வாசிக்கும் நூல்களில் காணும் சொல்லைத் துண்டுத் தாளில் எழுதுங்கள். அது வரும் வாக்கியத்தை முழுமையாக எழுதுங்கள். நூலின் பெயரையும் ஆண்டையும் குறியுங்கள் என்பதே அதன் கருத்து. எங்கெங்கிருந்தோ மக்கள் எழுதினர். மனநோயாளர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த வில்லியம் மைனர் என்னும் மருத்துவர் தம் அறையிலிருந்தே ஆயிரக்கணக்கான துண்டுத் தாள்களை அனுப்பினார். முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. 1915இல் மர்ரே மறைந்தார். அகராதி 1928இல் நிறைவுற்றது. அறிஞர்கள் தொகுத்த நூல் என்று நாம் எண்ணும் அது, வாசகர்களின் அஞ்சலால் உருவான நூல்.

இத்தனைக் கவனத்துடன் செய்த அவ்வேலையிலும் ஒரு சொல் விடுபட்டுப் போயிற்று. அடிமைப்பட்டு ஊழியம் செய்யும் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்பதே அச்சொல். அதற்குரிய துண்டுத் தாள்கள் வந்திருந்தன. ஆனால் எங்கோ தவறிவிட்டன. அச்சுப்படிகளைப் பார்த்த எவர் கண்ணிலும் அந்த வெற்றிடம் படவில்லை. அப்பகுதி வெளிவந்து பல ஆண்டுகள் கழித்து, 1901இல் வாசகர் ஒருவர் மடல் எழுதியபோதுதான் குறை வெளிப்பட்டது. 1933இல் வெளியான துணைத் தொகுதியில் அச்சொல் இடம் பெற்றது.

விடுபட்டது அரசரைக் குறிக்கும் சொல் அன்று. படைத்தலைவரைக் குறிக்கும் சொல்லும் அன்று. பிறர் வீட்டில் உழைத்த ஒரு பெண்ணைக் குறிக்கும் சொல். அது தற்செயலாக நேர்ந்ததே. எனினும், அந்தத் தாயின் மடலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணியபோது, என் 24 கட்டுரைகளில் அத்தகைய வெற்றிடங்கள் எத்தனை என்று கணக்கிட அஞ்சினேன்.

பெட்டகத்தில் இருந்த எழுத்து

என் உம்மும்மாவை நாங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே எண்ணியிருந்தோம். நிலப்பத்திரம் ஒன்றில் அவர்கள் பெருவிரல் ரேகை வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுடைய மரப் பெட்டகத்தில், பச்சைத் துணியில் சுற்றிய பழைய நூல் ஒன்று இருந்தது. அரபு எழுத்தில் இருந்தமையால் அது அரபு நூல் என்று கருதி, மரியாதையுடன் மேலே எடுத்து வைத்துவிட்டோம்.

உஸ்தாதின் அஞ்சலட்டைக்குப் பின்னரே அதனை எடுத்துக்கொண்டு, முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் வாசிக்கத் தொடங்கியதும் என் காதில் விழுந்தது தமிழ். அது அரபுத் தமிழ் நூல். அரபு எழுத்துகளையே கொண்டு, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டி எழுதும் முறையே அரபுத் தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் போன்ற பெரியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்க்கச் சட்டங்களை இம்முறையில் எழுதி, தமிழகத்திலும் இலங்கையிலும் வீடுதோறும் கொண்டு சேர்த்தார்கள். குர்ஆன் ஓதக் கற்ற பெண்ணுக்கு அரபு எழுத்து தெரியும். பேசும் மொழி தமிழ். ஆதலால் பள்ளிக்கூடத்தின் படியையே மிதிக்காத பெண்களும் தம் மொழியில் நூல் வாசிக்க அது வழி செய்தது.

நூலின் ஓரங்களில் மங்கிய பென்சில் கோடுகள் இருந்தன. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவற்றையும் வாசித்தார். என் உம்மா பிறந்த நாளும் நேரமும். பிறந்து நாற்பது நாளில் மௌத்தான ஒரு குழந்தையின் பெயர். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சும் மருந்துக்குச் சேர்க்க வேண்டிய சரக்குகளின் பட்டியல். அத்தனையும் உம்மும்மாவின் கையெழுத்து. பெருவிரலை மையில் தோய்த்து வைத்த அதே கை. தமிழ் எழுத்து அறியாத காரணத்தால், தமிழ் எழுதத் தெரிந்த ஒரு பெண்ணை எழுத்தறியாதவர் என்று பத்திரமும் பதிந்தது, பேரனும் நம்பினான்.

மருந்துப் பட்டியலில் இரண்டு சொற்கள் அந்தப் பெரியவருக்கும் விளங்கவில்லை. எழுத்துகள் தெளிவாகவே இருக்கின்றன. வாசிக்கவும் முடிகிறது. அவை எந்த வேர், எந்த இலை என்று சொல்லத்தான் இன்று எங்கள் வீட்டில் எவரும் இல்லை. அவர்கள் உயிருடன் இருந்தபோது நான் ஒருமுறை கேட்டிருந்தால் போதும். நானோ கேட்பதற்குப் பதில் திருத்திக்கொண்டிருந்தேன்.

இப்பக்கத்தைத் தொடர்ந்து எழுதுவதாயின், இனிக் கேட்டே எழுத வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். அதனால் உங்கள் முன் ஐந்து கேள்விகளை வைக்கிறேன்.

ஐந்து கேள்விகள்

1. இப்பக்கத்தை உங்கள் வீட்டில் யார் வாசிக்கிறார்? எவரும் வாசிப்பதில்லை எனில், தயங்காமல் அதனையே எழுதுங்கள். காரணத்தையும் சேர்த்து எழுதினால் பேருதவி.

2. எந்தக் கட்டுரை விளங்கவில்லை, அல்லது சலிப்பூட்டியது? 'எல்லாம் நன்று' என்பது அன்பின் மொழி. அதைக் கொண்டு நான் எதையும் செப்பனிட இயலாது. 'இந்த இதழில் இந்த இடத்தில் மூடி வைத்தேன்' என்பது பயன் தரும்.

3. எங்கே தவறினேன்? சொல்லின் பொருளிலோ, மூலத்திலோ, ஊர் வழக்கிலோ நான் எழுதியது உங்கள் அனுபவத்துக்கு மாறாக இருந்தால் எழுதுங்கள். பட்டம் பெற்றவர்தாம் எழுத வேண்டும் என்பதில்லை.

4. இதுவரை நான் தொடாத எதனைத் தொட வேண்டும்? அரபுத் தமிழ் எழுத்துகளை மாதம் சிலவாகக் கற்பிக்கும் ஒரு தொடர் வேண்டுமா? வீட்டில் பழைய ஏடோ நூலோ இருந்து, வாசிக்க ஆளில்லாமல் வைத்திருக்கிறீர்களா?

5. உங்கள் வீட்டுச் சொல் ஒன்று. ஒன்றே போதும். அச்சொல்லைச் சொன்னவர் யார், அவர் எந்த ஊரினர், ஏறத்தாழ என்ன வயதினர், எந்த வாக்கியத்தில் சொன்னார் என்ற நான்கும் உடன் வரட்டும்.

ஐந்தாம் கேள்வியில் ஊரையும் வாக்கியத்தையும் ஏன் வற்புறுத்துகிறேன் என்று கேட்கலாம். 'நானா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை முஸ்லிம் வீடுகளில் நானா என்றால் மூத்த சகோதரர். உருது பேசும் வீடுகளில் நானா என்றால் தாயைப் பெற்ற தந்தை. "நானா வந்திருக்கிறார், தேநீர் கொடு" என்ற வாக்கியத்தைக் கேட்டு, அடுப்படியில் இருப்பவர் முன்னே வரலாமா, எழுந்து நிற்க வேண்டுமா என்று அறிய ஊர் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் சில வீடுகளில் மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்று அழைப்பர். நம் பக்கத்துப் பிள்ளை அதைக் கேட்டால், தாத்தாவுக்கு எங்கே தாடி என்று தேடும். தந்தையை ஒரு வீட்டில் 'வாப்பா' என்றும், மறு வீட்டில் 'அத்தா' என்றும் அழைக்கிறோம். குழம்பை 'ஆணம்' என்றும், காலை உணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்றும் சொல்லும் வீடுகள் உள்ளன; அதனையே 'நாஷ்டா' என்னும் வீடுகளும் உள்ளன. பலர் சேர்ந்து உண்ணும் பெருந்தட்டைச் 'சஹன்' என்கிறோம். அரபியில் தட்டுக்குப் பெயர் அதுவே. ஊரும் வாக்கியமும் இல்லாமல் வரும் சொல், முகவரி இல்லாமல் வரும் மடலைப் போன்றது.

கேட்கும் முறை

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "பழைய சொல் ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டால், "எனக்கு என்ன தெரியும் வாப்பா?" என்பதே விடையாக வரும். கல்யாணம் எப்படி நடந்தது, தொட்டில் எந்த மரத்தில் செய்தது, வீட்டு ஆண்கள் கப்பலில் போன காலத்தில் செய்தி எவ்வாறு வந்தது என்று கேளுங்கள். மீன் அரியும்போதும், அரிசி புடைக்கும்போதும், பேத்திக்குத் தலை வாரும்போதும் அருகில் அமர்ந்து கேளுங்கள். சொற்கள் தாமாகவே வரும்.

ஹிராத் நகரில் பிறந்த அல்அஸ்ஹரீ என்னும் அறிஞர், பத்தாம் நூற்றாண்டில், ஹஜ்ஜுப் பயணத்தின்போது கராமிதாக் கூட்டத்தாரிடம் சிறைப்பட்டு, பாலைவன மக்களிடையே நெடுங்காலம் வாழ நேர்ந்தது. அவர்களோடு மேய்ச்சல் நிலம் தேடி அலைந்து, அவர்கள் பேசுவதைச் செவியேற்றார். அங்குக் கேட்டவை, பின்னர் அவர் தொகுத்த 'தஹ்தீபுல் லுகா' என்னும் பேரகராதிக்கு ஊற்றாயின. சிறைப்பட்ட நிலையிலும் ஒருவரால் அவ்வளவு கேட்க முடிந்தது. நாமோ சொந்த வீட்டில், சொந்த உம்மாவின் அருகில் இருக்கிறோம்.

கைப்பேசி உள்ளவர்கள், பெரியவர்களின் அனுமதி பெற்று அவர்கள் குரலைப் பதிந்து வையுங்கள். 'உளூ' என்பதில் ளகரம் எவ்வளவு அழுந்துகிறது என்பதை எந்த அச்செழுத்தாலும் காட்ட இயலாது. எழுத இயலாதவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். உருதுவில்தான் எழுத வரும் என்போர் உருதுவில் எழுதலாம். அரபுத் தமிழில் ஒரு மடல் வருமாயின், அதனைத் தமிழ் எழுத்துடன் சேர்த்து முழுமையாக வெளியிட ஆசிரியர் இசைந்துள்ளார்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அவர்கள் பேசும்போது இடையில் திருத்தாதீர்கள்.

என் உறுதிமொழி

உங்கள் மடல்களை என்ன செய்வேன் என்பதையும் கூறிவிடுகிறேன். சொன்னவர் விரும்பினால் பெயருடனும், விரும்பாவிடில் ஊரை மட்டும் குறித்தும், சொற்கள் இப்பக்கத்தில் தொடர்ந்து வெளிவரும். என் பிழையைச் சுட்டும் மடல், பிழை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அடுத்த இதழிலேயே இடம் பெறும். இனித் தகரப் பெட்டிக்குள் எந்தத் திருத்தமும் ஓராண்டு உறங்காது, இன்ஷா அல்லாஹ்.

உஸ்தாத் அவர்களுக்கு என் நன்றியும் மன்னிப்பும். 'நாங்கள் பேசுவது மொழி இல்லையா?' என்று கேட்ட அந்தத் தாய்க்கு, அடுத்த இதழின் பக்கம் முழுவதும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அடுப்படியையும் தொட்டிலையும் பற்றி அவர் எழுதட்டும். நான் ஒரு மாதம் வாசகனாக இருப்பேன்.

உம்மும்மாவின் மருந்துப் பட்டியலில் விளங்காத அந்த இரண்டு சொற்களை வேண்டுமென்றே இங்கே அச்சிடவில்லை. அச்சிட்டால், ஊகித்து எழுதத் தோன்றும். பிள்ளை பெற்றவளுக்கு உங்கள் வீட்டில் காய்ச்சும் மருந்தில் என்னென்ன சேர்ப்பார்கள் என்று உங்கள் வீட்டு மூத்த பெண்மணியிடம் கேட்டு, அவர் சொன்ன பெயர்களிலேயே எழுதி அனுப்புங்கள். எங்கிருந்தாவது, யார் வாயிலிருந்தாவது அவ்விரண்டும் எனக்கு வந்து சேரக்கூடும். வந்து சேர்ந்தால், அந்நூலின் ஓரத்தில், அவர்கள் எழுத்துக்குக் கீழே, அரபுத் தமிழிலேயே குறித்து வைப்பேன். அதற்காக அவ்வெழுத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மடல்களை இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். உறையின் மேல் 'மொழி முற்றம்' என்று குறித்தால் போதும்.

வஸ்ஸலாம்.